தண்ணீர் வடியும்வரை ஊர் சுற்றிக் காட்டினேன்

கொச்சியை ஒட்டிய காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்த பிறகு நான் ஆட்டோவை விட்டுவிட்டு டாக்ஸி ஓட்ட ஆரம்பித்தேன். வேலைக்குப் புதிதாக வந்து இறங்கும் பிள்ளைகள் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "கொச்சி எப்படிண்ணா இருக்கும்?" என்பதுதான். தமிழ்நாட்டுப் பிள்ளைகளாக இருந்தால் இன்னொன்றும் கேட்பார்கள். "இதுதானே கேரளாவோட தலைநகரம்?" இல்லையப்பா, தலைநகரம் திருவனந்தபுரம், ஃபைலெல்லாம் அங்கே இருக்கிறது, கப்பலும் மிளகும்தான் எங்களிடம் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஆறு இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்கிறது. பெரியாற்றின் ஒரு கை இங்கேதான் வந்து காயலில், அதாவது உப்பங்கழியில், விழுகிறது. ஆனால் எங்கே ஆறு முடிகிறது, எங்கே காயல் தொடங்குகிறது, எது கடல் என்று கோடு போட்டுக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது.

பிக்கப்புக்கும் டிராப்புக்கும் நடுவில் ஒரு ஊரைச் சொல்லி முடிக்க முடியுமா? முழு ஊரையும் பொறுமையாக, ஒரு இடம் விடாமல் நான் சுற்றிக் காட்டியது ஒரே ஒரு தடவைதான். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தை அமாவாசை அன்றைக்கு. ஊர்ப் பெருமை பேசுவதற்காக அல்ல. என் அக்காவின் கல்யாணம் நின்றுபோய்விடக் கூடாது என்பதற்காக.

எங்கள் வீடு பழைய கொச்சிப் பக்கம், மட்டாஞ்சேரியில். தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முனிசிபாலிட்டி வேலைக்கு வந்தவர். அப்பாவுக்கும் கார்ப்பரேஷனில்தான் வேலை, ஓடை தூர் வாருவது. நான் அப்போது ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். அக்கா, யூதர்கள் குடியிருந்த ஜூ டவுனை ஒட்டிய ஒரு கிடங்கில் சுக்கு தரம் பிரிக்கப் போய்க்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் சுக்கு வாசனை வரும், பின்னாலேயே அவளுடைய சத்தம் வரும். கோபம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சொத்து மாதிரி சமமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. வீட்டுக்குள் தமிழ், வாசல்படி தாண்டினால் மலையாளம். அந்தத் தமிழிலும் பாதி மலையாளம் என்று தெற்கேயிருந்து வரும் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எங்களுக்கு அதுதான் தமிழ்.

எங்கள் சந்து தாழ்வான சந்து. கடல் ஏறினால் காயல் ஏறும். காயல் ஏறினால் அந்தத் தண்ணீர் ஓடை வழியாகத் திரும்பி எங்கள் சந்துக்கு வரும். வேலியேற்றம் என்று சொல்லுவோம். வானத்தில் ஒரு மேகம் இருக்காது, வெயில் பளீரென்று அடிக்கும், ஆனால் கட்டிலுக்கு அடியில் தண்ணீர் நிற்கும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டித்தான் வரும், அதிலும் மார்கழி, தை மாதங்களில் ரொம்ப அதிகம். சில மணி நேரம் இருந்துவிட்டு, வந்த வழியே போய்விடும். முந்தின நாளே அரிசி மூட்டையைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துவிடுவோம். ஊர் ஓடையெல்லாம் தூர் வாருகிறவர் வீட்டுக்குள்ளேயே ஓடை வந்து நிற்கிறதே என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் அப்பாவைக் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

சிரிக்க முடியாமல் போனது ஒரு தடவை. அக்காவைப் பெண் பார்க்கத் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அன்றைக்கும் சந்தில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. மாப்பிள்ளையின் பெரியப்பா சந்து முனையில் நின்று வேட்டியை மடித்துக் கட்டினார், தண்ணீரைப் பார்த்தார், "தண்ணிக்குள்ள கெடக்குற வீட்டுல பொண்ணெடுத்தா வம்சம் முங்கிப் போகும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். பின்னாலேயே அந்தக் கூட்டமும் போனது. அந்த ஆளை ஓடைக்குள் தள்ளியிருப்பேன், அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அக்காவுக்கு எல்லாம் கேட்டது. தலையிலிருந்த பூவை எடுத்துச் சாமி படத்துக்கு வைத்தாள், பட்டுப்புடவையை அவிழ்த்து மடித்தாள், பழைய சேலையைக் கட்டிக்கொண்டு அரை நாள் வேலைக்குக் கிடங்குக்குப் போய்விட்டாள்.

அப்புறம் ரொம்ப நாள் எதுவும் அமையவில்லை. அக்காவுக்கு இருபத்தெட்டு முடிந்தபோது கோவில்பட்டியிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்குத் தீப்பெட்டி மெஷின் பழுது பார்க்கிற பட்டறையில் வேலை. அப்பா இல்லாத பிள்ளை. அம்மாதான் வளர்த்தது. ஜாதகம் பொருந்தியது. ஒரு சாயங்காலம் பையனின் தாய்மாமா எங்கள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு போன் செய்து, "தை அமாவாசை நெறஞ்ச நாளு, பையனோட அப்பா ஆசீர்வாதமும் சேர்ந்து கெடைக்கும், அன்னைக்கே வந்து பாத்துருதோம்" என்றார். அப்பா சந்தோஷத்தில் குதித்துக்கொண்டு, "ரொம்ப நல்ல நாள், வாங்க வாங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள்.

"அமாவாசையா? என்னைக்குத் தண்ணி ஏறும்னு தெரியாதா மனுஷா உங்களுக்கு?"

அப்பாவுக்குத் தெரியாதா என்ன? சந்தில் யாருக்கு எப்போது தண்ணீர் வரும் என்று கேட்டால் விரல் மடக்கிச் சொல்லக்கூடியவர். ஆனால் சுவரில் தொங்கின தமிழ் காலண்டரைப் பார்க்கும்போது அவர் திருநெல்வேலிக்காரராகிவிடுவார், அமாவாசை நல்ல நாள். ஓடையைப் பார்க்கும்போது கொச்சிக்காரர், அமாவாசை தண்ணீர் நாள். இந்த இரண்டு பேரும் அவர் மண்டைக்குள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதே இல்லை. எங்களைப் போல இரண்டு ஊர் நாள் கணக்கு பார்த்துப் பிழைக்கிறவர்களுக்குத்தான் இப்படியொரு தப்பு வரும்.

தேதியை மாற்றச் சொல்லவும் முடியாது. குறித்த நாளைப் பெண் வீட்டார் மாற்றினால் சகுனத் தடை என்று அத்தோடு விட்டுவிடுவார்கள். அம்மா இரண்டு நாள் யோசித்து வழி கண்டுபிடித்தாள். விடியற்காலையில் ஏறுகிற தண்ணீர் பத்து பதினோரு மணிக்கு வடிந்துவிடும். அவர்கள் ராத்திரி வண்டியில் ஏறிக் காலையில் காயலுக்கு அக்கரையில் எர்ணாகுளத்தில் இறங்குகிறார்கள். அதுவரைக்கும் அவர்களை வீட்டுப் பக்கம் வரவிடாமல் நான் ஊர் சுற்றிக் காட்ட வேண்டும்.

"எதுக்கு மறைக்கணும்? இருக்குறத இருக்குற மாதிரி பாக்கட்டும்" என்றாள் அக்கா.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு சும்மாவாடி சொன்னாங்க? இது பொய்கூட இல்ல. ஊர் பாக்கப் போறாங்க, அவ்வளவுதான்."

"போன தடவை மாதிரி திரும்பிப் போனா போகட்டும்மா. தலைக்கு மேல வெள்ளம் போனா ஜாண் என்ன, முழம் என்ன?"

சொல்லிவிட்டாளே தவிர, அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அதைப் பார்த்த பிறகு எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. தேவைப்பட்டால் அவர்களைக் கன்னியாகுமரி வரைக்கும் சுற்றிக் காட்டுவேன்.

அமாவாசை அன்று புதன்கிழமை. விடியும்போதே கட்டில் காலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நான் ஆட்டோவை ஃபோர்ட்கொச்சி ஜெட்டியில் நிறுத்திவிட்டு, படகு பிடித்து எர்ணாகுளம் போய் ஸ்டேஷனில் நின்றேன். பாலம் வழியாக ஆட்டோவில் அழைத்து வந்தால் சீக்கிரம் வீடு வந்துவிடுமே, அதனால்தான் படகு. மூன்று பேர் இறங்கினார்கள். ஒல்லியாக, பேசாமல் ஒரு பையன். வாட்சைப் பார்த்துக்கொண்டே நடக்கிற தாய்மாமா. வெள்ளைச் சேலை கட்டி, ஒரு துணிப்பையை இடுப்போடு அணைத்துப் பிடித்திருந்த பையனின் அம்மா.

"அண்ணாச்சி, வாங்க, ஒரு சாயா குடிக்கலாம்" என்றேன்.

"நான் குடிக்கேன். எங்க அக்காவுக்கு இன்னைக்கு விரதம். காக்கைக்குச் சோறு வச்சுட்டுத்தான் பச்சத்தண்ணி" என்றார் மாமா. "அப்புறம் ஒண்ணு தம்பி, இப்பவே சொல்லிருதேன், வருத்தப்படக் கூடாது. பேசி முடிவாகாம பொண்ணு வீட்டுல நாங்க கை நனைக்க மாட்டோம். உங்க வீட்டுல எலை கிலை போட்டுறாதீக. பாத்துட்டு, சாப்பாட்ட வெளிய பாத்துக்கிடுவோம். பன்னெண்டுக்கு ராகு காலம், அதுக்குள்ள பொண்ணப் பாத்துறணும்."

சரி என்றேன். தெரிந்த வழக்கம்தான். எங்கள் பக்கத்திலும் அப்படித்தான், சம்பந்தம் நிச்சயமாகும்வரை பெண் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். அம்மா அமாவாசைக்காக எப்படியும் சமைத்திருப்பாள், அது எங்களுக்கே ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டு மணி என்று கேட்டதுதான் கொஞ்சம் இடித்தது.

முதலில் மரைன் டிரைவ் கூட்டிப்போய்க் காட்டினேன். கப்பல்கள் நிற்கிற கால்வாய், எதிரே வைப்பின் தீவு, இந்தப் பக்கம் உயரமாக எழும்பத் தொடங்கியிருந்த கட்டடங்கள். எர்ணாகுளத்துக்காரர்கள் எங்களைப் பார்த்து, "ஓ, மட்டாஞ்சேரியா?" என்று மூக்கைச் சுருக்குவார்கள். அவர்களுடைய பளபளப்பை அன்றைக்கு என் சொந்தச் சொத்து மாதிரி காட்டினேன். என்ன செய்ய, காரியம் ஆக வேண்டுமே.

"பெரிய ஊருதான்" என்றார் மாமா. "இதுல ஆறு எது, கடல் எது?"

"எல்லாம் சேர்ந்துதான் அண்ணாச்சி இருக்கும்."

"அதெப்படிய்யா?"

அதற்குள் படகு வந்துவிட்டது, பிழைத்தேன். ஜெட்டியில் ஏறும்போது சுவரைப் பார்த்தேன். பச்சைப் பாசிக் கோடு ஒன்று அந்தச் சுவரில் உண்டு. கோடு மறைந்திருந்தால் எங்கள் சந்தில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். மருந்துக்குக்கூடக் கோடு தெரியவில்லை.

படகில் வெலிங்டன் தீவு வந்ததும் பையன் முதன்முதலாக வாயைத் திறந்தான். "அது என்ன தீவு?"

"அது மனுஷன் உண்டாக்குனது. வெள்ளைக்காரன் காலத்துல துறைமுகத்துக்கு ஆழம் பண்ணத் தோண்டுன மண்ணையெல்லாம் ஒரு எடத்துல கொட்டி, அத தீவாக்கிட்டாங்க. இப்ப துறைமுக ஆபீஸ், குடோன், நேவி எல்லாம் அங்கதான்."

"தோண்டுன மண்ணுலயா?" அவன் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எந்த மெஷினால் தோண்டினார்கள், மண் கரையாமல் எப்படி நின்றது என்று கேட்டான். எனக்கு என்ன தெரியும்? தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததை ஆமாம் என்றேன். பரவாயில்லை, பையனுக்குக் கண்ணில் உயிர் இருக்கிறது, அக்காவோடு ஒத்துப்போகும் என்று பட்டது. அந்தத் தீவு எங்கள் கண்ணெதிரே தினமும் கிடக்கிறது, நாங்கள் யாராவது ஒரு தடவையாவது எழுந்து நின்று பார்த்திருப்போமா?

ஃபோர்ட்கொச்சியில் இறங்கினதும் மாமா, "பையன் அவன் அப்பனுக்கு எள்ளுந்தண்ணியும் எறைக்கணும்" என்றார். எனக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். கல்லுக்கட்டு வரைக்கும் அலை ஏறியிருந்தது. பையன் முங்கிவிட்டு, ஈர வேட்டியோடு தெற்கே பார்த்து நின்று எள்ளும் தண்ணீரும் இறைத்தான். அவன் அம்மா கொஞ்சம் தள்ளி நின்று, கைகூப்பாமல், கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உதடு மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. போனவரோடு அவள் என் அக்காவைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. நல்லபடியாகச் சொல்லுங்கம்மா என்று நானும் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

பிறகு சீன வலை. "இதுல மீனு விழுமா?" என்றார் மாமா. "வெள்ளைக்காரங்க பாக்கும்போது கண்டிப்பா விழும்" என்றேன். பிறகு பழைய சர்ச்சு, மரம் மூடிய சாலைகள், பந்து விளையாடுகிற மைதானம், அரண்மனை. நேரம் பதினொன்றை நெருங்கிவிட்டது. ஒவ்வொரு இடத்திலும் ஏதாவது சாக்குச் சொல்லித் தண்ணீர்ப் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தேன். அன்றைக்கென்று கடலிலிருந்து மேல்காற்று அடித்தது. காற்று அடித்தால் தண்ணீர் இறங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

ஜூ டவுனில் ஆட்டோவை நிறுத்தினேன். பழைய அலமாரி, பித்தளை விளக்கு, கழற்றிய வீட்டுக் கதவுகள் என்று கடைகள் வரிசையாக இருக்கும். மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏன் தம்பி, எவனோ வீட்டுப் பழைய கதவப் பாக்கவா ராத்திரி முழுக்க ரயில்ல வந்தோம்? மணி என்ன ஆச்சு தெரியுமா?"

"இதோ அண்ணாச்சி, ஒரே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, ஒரு மிளகுக் கிடங்கின் உள்ளே புகுந்து பின்பக்கம் போனேன். அங்கிருந்து காயல் தெரியும். பாசிக் கோட்டின் மேல்விளிம்பு ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. அவ்வளவுதான். சந்தில் இன்னும் ஆடுசதை அளவுக்கு நிற்கும்.

திரும்பி வந்தால், பையனின் அம்மா கிடங்குப் படியில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றி வைத்திருந்தாள். பாதம் வீங்கியிருந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத பொம்பளையை வெயிலில் ஊர் ஊராக இழுத்தடித்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் ஒரு வார்த்தை குறை சொல்லியிருக்கவில்லை.

"ஏய்யா, இங்கன வா" என்றாள். "உங்க வீடு இங்கிருந்து எம்புட்டுத் தூரம்?"

"பக்கந்தாம்மா."

"அப்ப ஏன் போகாம சுத்துதோம்? நீயும் காலையிலயிருந்து போற எடமெல்லாம் செவுத்தையே எட்டி எட்டிப் பாத்துட்டு வார. அந்தச் செவுத்துல என்னய்யா இருக்கு?"

அம்மா சொல்லிக் கொடுத்த சாக்குகளில் இன்னும் இரண்டு மூன்று மீதம் இருந்தன. அந்த வீங்கின காலைப் பார்த்துக்கொண்டு எதையும் சொல்ல வாய் வரவில்லை.

"வீட்டுக்குள்ள தண்ணி நிக்கிதும்மா. அமாவாசைக்கு ஏறும். வடியட்டும்னுதான் சுத்துனேன். இதப் பாத்துத்தான் முன்ன வந்தவங்க சந்து முனையிலேயே திரும்பிப் போயிட்டாங்க. எங்க அக்கா உள்ள பட்டுச் சேலை கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா."

மாமா, "சரியாப் போச்சு" என்று தலையில் கை வைத்தார். பையன் அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள். "நட, பாப்போம்" என்றாள். பாப்போம் என்றால் என்ன அர்த்தம்? கல்யாணமா, ரயிலா? கேட்காமலே ஆட்டோவை எடுத்தேன்.

சந்து முனையில் பொதுக் குழாய் ஒன்று உண்டு. அன்றைக்குத் தண்ணீர் வராத நாள். ஆள் யாரும் இல்லாமல், பிளாஸ்டிக் குடங்கள் மட்டும் நீளமாக வரிசையில் நின்றன. குடம் இல்லாதவர்கள் இடம் பிடிக்க உடைந்த செங்கல்லும் கருங்கல்லும் வைத்திருந்தார்கள். பாதிக் குடங்களைச் சுற்றி ஓடைத் தண்ணீர் நின்றது. எல்லாவற்றையும் காட்டினேன், இதை மட்டும் காட்டக் கூடாது என்று நினைத்திருந்தேன். அவள் சரியாக அங்கேதான் இறங்கினாள்.

"இது என்ன வரிசை?"

"குடிதண்ணிக்கும்மா. நாளைக்கோ மறுநாளோ வரும். வராட்டி லாரி வரும்."

"இம்புட்டுத் தண்ணிக்குள்ள இருந்துக்கிட்டா?"

"இதெல்லாம் உப்பும்மா. வாயில வைக்க முடியாது."

அவள் குனிந்து ஒரு செங்கல்லைத் தொட்டுப் பார்த்தாள். சட்டென்று சிரித்தாள். காலையிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு. "அட பாவிகளா! கல்ல வச்சு எடம் புடிக்கிறது இங்கயும் உண்டா? நேத்து கெளம்பும்போது நானும் எங்க தெருவுல ஒரு கல்ல வச்சுட்டுத்தான்யா வந்தேன். எவ நகத்தி வச்சாளோ!" என்றாள். மாமாவைத் திரும்பிப் பார்த்து, "கொட வரிசை நம்ம ஊரு மாதிரியேதான் இருக்குடா" என்றாள். பிறகு சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகினாள். எதிர்வீட்டுச் சேச்சி ஜன்னலிலிருந்து, "பெண்ணு காணான் வந்நதாணோ? செருப்பு கையில் பிடிச்சோ!" என்று கத்தினாள். பெண் பார்க்க வந்தவர்களா, செருப்பைக் கையில் பிடியுங்கள் என்று அர்த்தம். மலையாளத்தில் என்ன புரிந்ததோ, பையனின் அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். பின்னால் பையன். அவனுக்கும் பின்னால், "முருகா, முருகா" என்று வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாமா.

எங்கள் வீட்டில் நான் எதிர்பார்த்தபடி ஒன்றுகூட இல்லை. அம்மா பெஞ்சுக்கு மேல் ஸ்டவ்வை ஏற்றி வைத்து, தண்ணீரில் நின்றுகொண்டே வடை சுட்டுக்கொண்டிருந்தாள். அப்பா இவர்களைப் பார்த்ததும் கையிலிருந்த துடைப்பத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் மறைத்தார். அக்கா பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாளியால் தண்ணீரை மொண்டு ஜன்னல் வழியாக வெளியே கொட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஓடி ஒளியவில்லை. வாளியைக் கீழே விட்டாள், அது மிதந்தது.

"வாங்க" என்றாள். "கட்டில்ல ஏறி உக்காருங்க. காலையும் மேல வச்சுக்கோங்க."

கட்டிலில் அரிசி மூட்டை, பாத்திரங்கள், சாமி படம், அவற்றுக்கு நடுவே மூன்று பேரும் காலை மடக்கி உட்கார்ந்தார்கள். மாமாவுக்கு மட்டும் முறையை விட மனசில்லை. "பொண்ணு பெரியவுகளுக்கு விழுந்து கும்பிடட்டும்" என்றார்.

"எங்கனடா விழுவா? முங்கிப் போவா" என்றாள் பையனின் அம்மா. "நின்ன எடத்துலயே போதும் தாயி."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். பையன் அவளைப் பார்த்து, "இது எப்ப வடியும்?" என்று கேட்டான். பெண் பார்க்க வந்தவன் கேட்கிற கேள்வியா அது? "இனிமே சீக்கிரம் வடிஞ்சிரும்" என்றாள் அக்கா. அவன் கட்டிலிலிருந்து இறங்கி, மிதந்துகொண்டிருந்த வாளியை எடுத்து ஒரு ஓரமாக வைத்தான்.

பன்னிரண்டு அடிக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நான் வாசலில் நின்று அந்தம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வீட்டைப் பார்த்தாள், ஈரம் ஏறின சுவரைப் பார்த்தாள், அக்காவின் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். சுக்கு உரசி உரசிக் காய்த்துப்போன கை. பிறகு என் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"மதினி, ஒரு உருண்டை சோறு குடுங்க."

அம்மாவுக்குப் புரியவில்லை. ஒரு கிண்ணத்தில் சோறும் பருப்பும் போட்டுக் கொடுத்தாள். அவள் அதை வாங்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, வாசலுக்குப் போய், மதில்மேல் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டாள். மீன் மார்க்கெட் பக்கத்திலிருக்கும் ஊரில் காக்கைக்கா பஞ்சம்? கூப்பிட்ட வாய் மூடுவதற்குள் ஒன்று வந்து கொத்திக்கொண்டு போனது. அவள் திரும்பி உள்ளே வந்து கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள்.

"எலையப் போடுங்க மதினி, பசி உசுரு போகுது."

"அக்கா" என்று மாமா பதறினார். "இன்னும் ஒண்ணும் பேசி முடிக்கலியே?"

"இன்னும் என்னத்தடா பேச? எள்ளுந்தண்ணியும் எறச்சாச்சு, காக்கையும் எடுத்தாச்சு. நீயும் ஒரு எலைய வாங்கு."

அம்மா முகத்தை ஸ்டவ்வுப் பக்கம் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்பா அந்தத் துடைப்பத்தை இன்னும் பின்னாலேயே பிடித்துக்கொண்டு நின்றார். நான் வெளியே போய் ஆட்டோவில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். வெட்கமென்ன, சந்தோஷத்தில் அழுதேன். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்போது தண்ணீர் வாசல்படிக்குக் கீழே இறங்கிவிட்டது.

மாசியில் கல்யாணம். அக்கா கோவில்பட்டிக்குப் போய்விட்டாள். வீட்டில் சுக்கு வாசனை கொஞ்ச நாள் இருந்து பிறகு அதுவும் போய்விட்டது. சண்டை போட ஆளில்லாமல் எனக்குத்தான் பொழுது போகவில்லை. அப்பா ரிட்டையரானார். ஜூ டவுனில் கடைகள் பெருகின, அக்கா வேலை பார்த்த கிடங்கில் இப்போது வெளிநாட்டுக்காரர்கள் காபி குடிக்கிறார்கள். நான் காக்கநாட்டுக்கு வண்டி ஓட்டப் போனேன். எங்கள் சந்தில் தண்ணீர் மட்டும் நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஒரு பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். காய்ந்த ஊர். ஐப்பசி மழையும் பொய்த்து, மழை பெய்து ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது, தெருவில் குடங்களும் கற்களும் வரிசையில் நின்றன. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். மூன்றாவது நாள் காலையில் ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டு எழுந்தேன். சமையலறையில் அக்காவும் அவள் மாமியாரும் ஆளுக்கொரு பக்கமாகக் குனிந்து அரிசி மூட்டையைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கட்டில். பருப்பு டப்பா, சாமி படம் எல்லாம் அதற்குள் மேலே ஏறியிருந்தன.

எனக்கு ஒரு நிமிஷம் எந்த ஊரில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை. சுவரில் காலண்டரைப் பார்த்தேன். அமாவாசை.

"என்ன அத்தை இது?" என்றேன்.

"உங்க அக்கா வந்த புதுசுல ஒரு அமாவாசைக்குத் தூக்கக் கலக்கத்துல தனியா இழுத்துக்கிட்டு இருந்தாய்யா. எதுக்கு தாயின்னேன். நின்ன எடத்துலயே அழுதுட்டா" என்றாள் அத்தை, மூச்சு வாங்க. "அதுலயிருந்து மாசாமாசம் தூக்கி வைக்கோம். வீடு கழுவவும் வசதியா இருக்கு."

அக்கா என்னைப் பார்க்காமல் மூட்டையின் வாயை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கரிசக்காட்டுல எங்கிருந்து அத்தை தண்ணி வரப்போகுது?"

"வருது, வராமப் போகுது, உனக்கென்ன?" என்றாள் அத்தை. "பாத்துக்கிட்டு நிக்காம அந்த முனையப் புடி."

பிடித்தேன்.